மாடிப் போர்ஷனில் பொங்கிய பால்

கேமராவுக்கு முன்னால் நிற்கிறவனுக்கு முதல் பிரச்சினை கைகள்தான். ஐம்பது வருடமாகத் தோளிலிருந்து தொங்கிக்கொண்டு, சொன்ன வேலையைச் செய்துகொண்டு, எந்தத் தொந்தரவும் தராமல் இருந்த இரண்டும், 'ஆக்‌ஷன்' என்ற சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரர் 'கொஞ்சம் பிடிச்சுக்கோங்க' என்று கொடுத்துவிட்டுப் போன பைகள் மாதிரி ஆகிவிடும். எங்கே வைப்பது என்று தெரியாது. கீழே போடவும் முடியாது.

அனுபவத்தில் சொல்கிறேன். நான் ஒரு படத்தில் நடித்திருக்கிறேன். (சிரிக்காதீங்க. போஸ்டர்ல என் பேர் கீது. போஸ்டரே ஒண்ணுதான் அடிச்சாங்க, அது வேற கதை.)

சுயாதீனப் படம் என்று அதற்குப் பெயர். எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் ஃப்ளாட்டில் குடியிருக்கும் யாழினி சொல்லித்தான் எனக்கு அப்படி ஒரு வார்த்தை இருப்பதே தெரியும். கோபிச்செட்டிபாளையத்துப் பெண். வாரத்தில் ஐந்து நாள் ஐ.டி. கம்பெனியில் சம்பாதிப்பாள், மீதி இரண்டு நாளில் அதைப் படம் எடுத்துத் தீர்ப்பாள். "சுயாதீனம்னா இன்னாம்மா?" என்று கேட்டேன்.

"யாரும் காசு குடுக்க மாட்டாங்க அங்கிள். அதனால இப்படி எடு, அப்படி எடுன்னு யாரும் சொல்லவும் மாட்டாங்க. அவ்வளவுதானுங்க."

என்னைத் தயார்ப்படுத்துவதற்காக லேப்டாப்பில் சில படங்களைப் போட்டுக் காட்டினாள். ஒரு படத்தில் ஓர் ஆள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். பஸ் வந்தது. ஏறவில்லை. மறுபடி நின்றார். படம் மாட்டிக்கொண்டுவிட்டதோ என்று நான் லேப்டாப்பைத் தட்டினேன். "தட்டாதீங்க அங்கிள், அதுதான் கிளைமாக்ஸ்" என்றாள். இன்னொன்றில், எங்கிருந்தோ ஒரு பெரிய நகரத்துக்கு ஓட்டல் வேலைக்கு வந்த ஒரு பெண். முதலாளி அவள் பெயரைத் தப்பாகவே கூப்பிடுவார். அவள் ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி தாமதித்துத்தான் திரும்புவாள். கதை அவ்வளவுதான். சண்டை இல்லை, பாட்டு இல்லை. ஆனால் இரண்டு நாள் அந்தப் பெண் என்கூடவே கம்பெனிக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். பிரேக்கில் டீ குடிக்கும்போதுகூட அந்த ஒரு நொடித் தாமதம் ஞாபகத்துக்கு வந்தது. சரி, இதில் ஏதோ இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது.

யாழினி எடுக்கப்போகும் படமும் அந்த வகைதான். வீடு தேடும் ஒரு பெண்ணின் கதை. கதாநாயகி ரினி. நிஜமாகவே வீடு தேடிக்கொண்டிருந்தவள்.

ரினி மிசோரம்காரி. முகப்பேரில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. வந்து பல வருடம் ஆகிவிட்டது. தமிழை அவள் படித்துக் கற்கவில்லை. பார்லருக்கு வருகிறவர்களிடமும் ஷேர் ஆட்டோக்காரர்களிடமும் பிடுங்கிக்கொண்டாள். யாழினி பேசினால் 'ங்க' இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. ரினி பேசுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், பாடியில் பிறந்து வில்லிவாக்கத்தில் வளர்ந்தவள் என்று சத்தியம் பண்ணலாம். கண்ணைத் திறந்தால்தான் இந்த ஊருக்குப் பிரச்சினை.

கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடு ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தாள். அவள் தங்கை இங்கே நர்சிங் படிக்க வரப்போகிறாள். அந்த அறையில் இன்னொரு ஆளுக்குப் பாய் போட இடமில்லை. தங்கை வருவதற்குள் ஒரு வீடு பிடித்தாக வேண்டும். அம்பத்தூரில் ஆரம்பித்து ஆவடி வரை ஏறி இறங்கியாகிவிட்டது. அந்த ஏறி இறங்கலைத்தான் யாழினி படமாக எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு காட்சிகள் பாக்கி. ஒன்று, ஒரு வீட்டுக்காரர் வாசலில் நின்று ரினிக்கு வீடு இல்லை என்று சொல்வது. இன்னொன்று, கடைசியில் எப்படியோ ஒரு வீடு கிடைத்து, அதில் அவள் பால் காய்ச்சுவது.

"வீட்டையும் குடுங்க அங்கிள், வீட்டுக்காரரையும் குடுங்க" என்றாள் யாழினி.

திருமுல்லைவாயிலில் இருக்கும் எங்கள் வீட்டின் மாடிப் போர்ஷன் அப்போது காலி. ஆனால் பெயரளவில்தான் காலி. என் மச்சினன் குமாருக்கு என்று பேசி முடித்தாகிவிட்டது. குமார் வேப்பம்பட்டில் வாடகை வீட்டில் இருந்தான். பையனை முகப்பேர் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்ததால் கிட்டத்தில் வர வேண்டும் என்பது அவன் மனைவி சுமதியின் ஆசை. தம்பி தன் தலைக்கு மேலேயே இருக்க வேண்டும் என்பது என் மனைவி மல்லிகாவின் ஆசை. குமாருடைய ஆசையை யாரும் கேட்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு மேல் நல்ல நேரம்; அப்போது பால் காய்ச்சுவது என்று முடிவாகியிருந்தது.

யாழினி கேட்டதும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். கேமரா அன்றைக்குத்தான் இரவல் கிடைக்குமாம்.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன சொல்லியிருப்பான் என்று உங்களுக்குத் தெரியும். நான் என்ன சொன்னேன் என்றால், "ஒம்போது மணிக்குள்ள முடிச்சிடுவீங்க இல்ல?"

"எட்டரைக்கே பேக்கப்ங்க அங்கிள்."

மல்லிகாவிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. சனிக்கிழமையே அவள் தம்பி வீட்டில் சாமான் கட்டப் போய்விட்டாள். ஞாயிறு அவர்களோடு சேர்ந்து லோக்கல் ட்ரெயினில் வந்து இறங்குவாள். அதற்குள் படப்பிடிப்பு முடிந்து, தரை துடைத்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன் என்பது என் திட்டம். (திட்டம் போடும்போது நான் ரொம்ப நல்லாப் போடுவேன்.)

ஞாயிறு விடிந்ததும் வந்துவிட்டார்கள். யாழினி, ரினி, தாடி வைத்த கேமராமேன், காதில் பெரிய ஹெட்போன் மாட்டிய சவுண்டுக்காரர். படக்குழுவே அவ்வளவுதான். சவுண்டுக்காரர் வந்தவுடன் எங்கள் வீட்டு ஃபேனை நிறுத்தினார், ஃப்ரிட்ஜை நிறுத்தினார், என்னையும் உற்றுப் பார்த்து, "சார், கொஞ்சம் மெதுவா மூச்சு விடுங்க" என்றார். முருங்கை மரத்துக் காக்காயை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கேட்டில் 'வீடு வாடகைக்கு' என்று ஓர் அட்டை. ரினி படியேறி வர வேண்டும். நான் கதவைத் திறந்து, மேலும் கீழும் பார்த்து, "வீடு இல்லம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்த வேண்டும். அவ்வளவுதான் என் பங்கு.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். என் வேலையே 'வேண்டாம்' என்று சொல்வதுதான். ஒரு போல்ட்டில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போடுவேன். சூப்பர்வைசரே கெஞ்சினாலும் மசியமாட்டேன். அதனால் இந்த வேஷம் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆக்‌ஷன்!"

கதவைத் திறந்தேன். ரினி நின்றாள். பின்னால் கேமராவின் கறுப்புக் கண். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "வணக்கம். தாங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்?"

எங்கள் வம்சத்திலேயே யாரும் பேசாத தமிழ். எங்கள் தாத்தா ஏரிப் பக்கம் கழனியில் கூலி வேலை செய்தவர், அப்பா ஃபேக்டரித் தொழிலாளி, நான் பிறந்ததிலிருந்து 'இன்னா நைனா' என்று பேசுகிறவன். கேமராவைப் பார்த்த பயத்தில் வானொலி நிலையம் மாதிரி ஆகிவிட்டேன்.

ரினி சிரிப்பை அடக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னா அங்கிள், கல்யாணப் பத்திரிக வைக்க வந்துக்கிறேனா நான்?"

"கட். அங்கிள், உங்க பாஷையிலயே பேசுங்க. அதுக்குத்தானுங்க உங்களையே போட்டது" என்றாள் யாழினி.

அடுத்த டேக். கதவைத் திறந்தேன். வெயிலில் நின்று அவள் நெற்றியில் வியர்வை. "உள்ள வாம்மா, காபி சாப்புட்றியா?" என்று கேட்டுவிட்டேன்.

"கட்! அங்கிள், நீங்க அவளை அனுப்பணும்."

"காபி குடுத்துட்டு அனுப்பலாமே?"

"அனுப்பக் கூடாதுங்க... இல்ல, அனுப்பணும்... காபி இல்லாம அனுப்பணும்!"

அதற்கடுத்த டேக்கில் "வீடு" வரை வந்தது. 'இல்ல' வரவில்லை. அதற்கடுத்ததில் 'இல்ல' வந்தது, வீட்டை மறந்துவிட்டேன். ஒரு டேக்கில் எல்லாம் சரியாகச் சொல்லி, கதவைச் சாத்தும்போது நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். ஒரு டேக்கில் கோபமாக இருக்கட்டும் என்று புருவத்தைத் தூக்கி, மீசையைத் துடிக்கவைத்து, "வீடு கிடையாது, போ!" என்று கத்தினேன். முருங்கை மரத்துக் காக்காய் பறந்துபோனது. அது ஒன்றுதான் அன்றைக்கு என் நடிப்பில் கிடைத்த லாபம். சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டார்.

எட்டரை தாண்டியது. ஒன்பது தாண்டியது. என் பனியன் முழுக்க நனைந்துவிட்டது. கேமராமேன் தாடியைச் சொறிந்துகொண்டு நின்றார். அது திட்டுவதைவிட மோசம்.

ரினிதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அங்கிள், நீங்க வில்லன் மாரி மூஞ்ச வெச்சிக்கினு கீறீங்க. அப்டிலாம் யாரும் சொல்ல மாட்டாங்க."

"பின்ன எப்டி சொல்வாங்க?"

"மொதல்ல மூஞ்சப் பாப்பாங்க. அப்பால என் பின்னாடி யாருனா பெரியவங்க வந்துக்கினு கீறாங்களான்னு எட்டிப் பாப்பாங்க. யாரும் இல்லன்னதும் ஒரு சிரிப்பு. 'ஐயோ, இப்பத்தாம்மா அட்வான்ஸ் வாங்கினோம். வேற எடம் பாரேன்.' ரொம்ப மரியாதயா சொல்வாங்க. கேட்டத் தாண்டி வந்து திரும்பிப் பாத்தா போர்டு அப்டியே தொங்கிக்கினு கீது." துப்பட்டாவால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "திட்டுனா பரவால்ல அங்கிள், திருப்பித் திட்டலாம். எனக்கு நல்லா வரும். சிரிச்சா இன்னா பண்றது?"

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை கிடைத்த புதிதில் எஸ்டேட் பக்கமாக வீடு கேட்டுப் போனார். வாடகையைப் பற்றிப் பேசவேயில்லையாம். 'ஊரில் எந்தத் தெரு?' என்று மட்டும் கேட்டார்களாம். தெருப் பெயரைச் சொன்னதும் இதே சிரிப்பு, இதே 'இப்பத்தான் அட்வான்ஸ்'. அப்பா அதை நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பார். அதற்கப்புறம்தான் கடனை உடனை வாங்கி இந்த இடத்தைப் பிடித்துச் சொந்தமாக நாலு சுவர் எழுப்பினார். அவரிடம் தெருவையாவது கேட்டார்கள். ரினியிடம் அதுகூடக் கேட்கத் தேவைப்படவில்லை.

எனக்கு ஏன் அந்த வசனம் வரவில்லை என்று அப்போதுதான் பிடிபட்டது. மற்ற நடிகர்களுக்கு அது பொய். எனக்கு அது நிஜம். தலைக்கு மேலே போர்ஷன் காலியாக இருக்கிறது. எதிரே வீடு இல்லாத பெண் உட்கார்ந்திருக்கிறாள். நான் நிஜமாகவே அவளுக்குக் கொடுக்க முடியாது. மச்சினனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. கேமரா இல்லாவிட்டாலும் நான் அதே வசனத்தைத்தான் சொல்லியாக வேண்டும். (இன்ஸ்பெக்‌ஷன்ல போல்ட்டுக்கு மூஞ்சி இல்ல. அதான் அங்க சுளுவா வருது.)

அவளிடம் இதைச் சொல்லவும் வாய் வரவில்லை. "டீ வெச்சிட்டு வரேன்" என்று எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது யாழினி முடிவெடுத்திருந்தாள். "அங்கிள், இந்த சீன் அப்புறம் பாத்துக்கலாம். பால் காய்ச்சறது மட்டும் எடுத்துடலாம். பத்து நிமிஷம்ங்க."

மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம்தானே என்று மாடிக்கு அழைத்துப்போனேன். மாடிச் சமையலறைக் கதவைத் திறந்ததும் யாழினி குதித்தாள். "அங்கிள்! எல்லாம் ரெடியா வெச்சிருக்கீங்களே!"

மேடையில் கோலம் போட்டு, அதன் மேல் கேஸ் அடுப்பு, அடுப்பின் மேல் கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டிய புதுப் பாத்திரம், பக்கத்தில் சர்க்கரை டப்பா. மல்லிகா தன் தம்பிக்காகச் சனிக்கிழமையே அடுக்கி வைத்துவிட்டுப் போனது. படத்துக்காக நான் வாங்கி வைத்ததாக யாழினி நினைத்துக்கொண்டாள். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். காலையிலிருந்தே எனக்கு வாக்கியங்கள் வராத நாள். "ம்" என்றேன்.

கீழே ஃப்ரிட்ஜிலிருந்து பால் பாக்கெட் வந்தது. ரினி கத்தரியால் ஓரத்தை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றினாள். அடுப்பு பற்றவைத்தாள். கேமராமேன் முதல்முறையாக உற்சாகமாகி, "ஃப்ளேமைக் கம்மி பண்ணுங்க, நுரை மெதுவா ஏறணும்" என்றார். கம்மியான தீயில் பால் காய எவ்வளவு நேரமாகும் என்று அவருக்கும் தெரியாது, அவசரத்தில் எனக்கும் தோன்றவில்லை. வாசலில், பிடிக்காமல் வீடு கொடுத்த வீட்டுக்காரனாக முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நிற்பது என் வேலை. அந்த முகம் மட்டும் எனக்கு அப்போது தானாகவே இருந்தது.

ரயில் ஊதும் சத்தம் கேட்டது. சவுண்டுக்காரர் கையைத் தூக்கினார். "ட்ரெயின் போகட்டும், யாரும் பேசாதீங்க." எல்லோரும் சிலையானோம். திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ரயில் நின்று, கிளம்பிப் போகும் வரைக்கும் நாங்கள் மரியாதையாகக் காத்திருந்தோம். அந்த ரயிலில் யார் வந்து இறங்கியிருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

பால் அசைய ஆரம்பித்தது. ஓரத்தில் குமிழ் கட்டியது. ரினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பழக்கம் அவள் ஊரில் கிடையாது. இங்கே தோழிகள் வீடு மாறும்போதெல்லாம் போய் நின்று பார்த்திருக்கிறாள். சர்க்கரை போட்ட பாலை வாங்கிக் குடித்திருக்கிறாள். அடுப்புக்கு முன்னால் அவளே நிற்பது இதுதான் முதல் தடவை. யாழினி சொல்லிக்கொடுக்காமலேயே அவள் கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, அவள் சாமியிடம் ஏதோ சொன்னாள். அந்த நொடி, கேமரா என்று ஒன்று இருப்பது எங்கள் யாருக்கும் ஞாபகத்தில் இல்லை.

அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம்.

முதலில் குமார், கையில் குத்துவிளக்கு. பின்னால் சுமதி, இடுப்பில் சாமி படம், கையில் அரிசியும் உப்பும் வைத்த தட்டு. அவளுக்குப் பின்னால் மல்லிகா, ஒரு கையில் பூ, இன்னொரு கையில் பால் பாக்கெட் வைத்த பை. வாசலுக்கு வந்து நின்றார்கள். சரியாக அந்தக் கணத்தில் பால் எழும்பி, நுரைத்து, மஞ்சள் கொத்தை நனைத்துக்கொண்டு பாத்திரத்தின் ஓரமாக வழிந்து இறங்கியது.

பழக்க தோஷம் என்பது பெரிய விஷயம். பொங்குகிற பாலைப் பார்த்ததும் மூன்று பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குமார் விளக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு போட்டுக்கொண்டான். அதற்கப்புறம்தான் யார் பால், யார் அடுப்பு, யார் இந்தப் பெண் என்பதெல்லாம் உறைத்தது.

"மாமா! இன்னா நடக்குது இங்க?" என்றான் குமார்.

எல்லாக் கண்களும் என் மேல். கேமராவும் மெல்ல என் பக்கம் திரும்பியது, கேமராமேன் நிறுத்தவில்லை. எனக்குத் தலைக்குள் ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் மறுபடி ஓட ஆரம்பித்தன. காலையிலிருந்து தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்த வசனம் அப்போது பார்த்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. குமாரின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒரு சிரிப்பு சிரித்தேன்.

"ஐயோ, இப்பத்தாம்மா அட்வான்ஸ் வாங்கினோம். வேற எடம் பாரேன்."

ரினி சொல்லிக்கொடுத்த அதே இழுவை, அதே மரியாதை. சொந்த மச்சினனைப் பார்த்து. 'அம்மா' என்று வேறு.

"அடப்பாவி, சூப்பர் டேக்!" என்று யாழினி 'ங்க'வை மறந்து முணுமுணுத்தது அந்த நிசப்தத்தில் எல்லோருக்கும் கேட்டது.

அப்புறம் நடந்ததை விவரமாக எழுதினால் மல்லிகா இந்தக் கட்டுரையை வெளியே விடமாட்டாள். சுருக்கமாகச் சொன்னால், எங்கள் கல்யாணத்திலிருந்து அன்று வரை நான் செய்த கோளாறுகள் எல்லாம் வரிசையாக மாடிக்கு ஏறி வந்தன. "யோவ், எங்க தம்பிக்குன்னு நான் கோலம் போட்டு வெச்சா, சினிமா எட்த்துக்கினு கீறியா? அதுல ஹீரோ வேற நீ?" "ஹீரோ இல்ல மல்லி, ஹவுஸ் ஓனர்." அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நடுவில் புகுந்து, ரினி நிஜமாகவே வீடு தேடுகிற கதையை யாழினி சொல்லிப் பார்த்தாள்.

ரினிக்கு முகம் வெளுத்துவிட்டது. "சாரி ஆன்ட்டி, சாரிக்கா. எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. இப்பவே சுத்தம் பண்ணித் தந்துர்றேன்." துப்பட்டாவை எடுத்து அடுப்பில் வழிந்த பாலைத் துடைக்கப் போனாள்.

"தொடைக்காதே!" என்று கத்தினாள் சுமதி.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள். சாமி படத்தை மேடையில் வைத்துவிட்டு, அடுப்பைக் குனிந்து பார்த்தாள். "எந்தப் பக்கம் பொங்கிச்சு?"

"கிழக்கால" என்றான் குமார், கொஞ்சம் அவசரமாகவே.

"பாத்தீங்களா அண்ணி. நல்ல நேரத்துல, கிழக்கால, வழிய வழியப் பொங்கிக்கீது. இது இந்தப் பொண்ணுக்குப் பொங்கின பால். இதே அடுப்புல நான் ரெண்டாவது பால் காச்ச மாட்டேன்."

"அது சினிமாக்குடி சுமதி!"

"பாலுக்கு இன்னா தெரியும் அண்ணி, சினிமாவா நெசமான்னு?"

நான் எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். இதற்கு ஈடான வசனத்தைக் கேட்டதில்லை.

மல்லிகா ரினியைப் பார்த்துத் திரும்பினாள். இனிமேல் வரப்போவது அந்தச் சிரிப்பு என்று நினைத்தேன். மல்லிகா சிரிக்கவில்லை. நன்றாக முறைத்தாள். "உனக்கு நெசமாவே ஊடு இல்லியா, இல்ல அதுவும் நடிப்பா?"

"இல்ல ஆன்ட்டி. நெசமாவே இல்ல."

"எத்தினி பேரு?"

"நானும் தங்கச்சியும்."

"மோட்டார் போட்டா தொட்டி ரொம்பினதும் நிறுத்தணும். நிறுத்துவியா? இவரு மறந்துட்டுத் தூங்கிடுவாரு."

"நிறுத்துவேன் ஆன்ட்டி." ரினி ஒரு நொடி தயங்கினாள். பல வாசல்களில் இந்த இடத்தில்தான் கதவு சாத்தியிருக்கும் போல. "ஆன்ட்டி, மொதல்லயே சொல்லிர்றேன். எங்க ஊரு சமையல் வாசன கொஞ்சம் வரும்."

"எங்க ஊட்டு கருவாட்டு வாசன மேல வரும். சரியாப் போச்சு" என்றாள் மல்லிகா. "கதவத் தொறந்து வெச்சுக்கினு செய்யி. புழுங்கும்."

ரினி அழுதாள். யாழினி அழுதாள். சவுண்டுக்காரர் ஹெட்போனோடு அழுதார். அவருக்கு எல்லாம் பெரிதாகக் கேட்கும். கேமராமேன் மட்டும் அழவில்லை, படம் எடுத்துக்கொண்டிருந்தார். பொங்கிய பாலில் சர்க்கரை போட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். மல்லிகா பையில் கொண்டுவந்த பாலில் படக்குழுவுக்குக் காபி. எனக்கு இரண்டும் கிடைக்கவில்லை.

குமாரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று மாடிப்படியில் அவனைப் பிடித்தேன். அவன் அக்காவும் மனைவியும் கேட்காத தூரத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போய், இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "மாமா, உனுக்குக் கோயில் கட்டணும். அக்கா ஊட்டு மாடில குடிவந்தா நான் லுங்கி மாத்தறதுக்கே பர்மிஷன் கேக்கணும். எப்டிச் சொல்றதுன்னு தெரியாம மூணு மாசமா முழிச்சிக்கினு இருந்தேன்." கொஞ்ச நாளில் முகப்பேரிலேயே, பள்ளிக்கூடத்துக்குப் பின் தெருவில், ஒரு ஃப்ளாட் பிடித்துவிட்டான். சுமதிக்குப் பரம சந்தோஷம்.

படம் வெளியானது. வெளியானது என்றால், ஒரு சின்ன ஹாலில் மடக்கு நாற்காலி போட்டுக் காட்டினார்கள். நாங்கள் குடும்பத்தோடு போனதால் பாதி ஹால் நிரம்பிவிட்டது. நான் கதவருகே சொதப்பிய டேக்குகளில் ஒன்றைக்கூட யாழினி பயன்படுத்தவில்லை. வாசலில் ரினி நிற்பதையும் கதவு சாத்துவதையும் மட்டும் வைத்து, என் வசனத்தை வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டியிருந்தாள், குமாரிடம் சொன்னதை. இவ்வளவு மரியாதையாக ஓர் ஆளை விரட்டுவதைப் பார்த்து ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு என் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை. கடைசிக் காட்சியில் பால் பொங்கும்போது, விளக்கும் கையுமாக குமார் வந்து நின்றான். அதை அப்படியே விட்டிருந்தாள்.

படம் முடிந்ததும் கேள்வி நேரம். கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து, "இந்த நகரம் யாருக்குச் சொந்தம் என்ற போட்டியில், மரபின் சின்னமாக அந்தக் குத்துவிளக்கு மனிதர் வாசலில் உறைந்து நிற்பது மிக ஆழமான படிமம். அதை எப்படி யோசித்தீர்கள்?" என்று கேட்டார்.

யாழினி பதில் சொல்வதற்குள் குமார் பின்வரிசையிலிருந்து எழுந்தான். "யோசனைலாம் ஒண்ணும் இல்ல சார். பத்தரைக்கு நல்ல நேரம்னாங்க, வந்தோம்."

அந்த வருடத்தில் அந்த ஹாலில் அவ்வளவு கைத்தட்டல் வேறு எதற்கும் கிடைத்திருக்காது.

இப்போது ரினியும் அவள் தங்கையும் எங்கள் மாடியில்தான் இருக்கிறார்கள். தங்கை நர்ஸ் ஆகிவிட்டாள். என் சர்க்கரையையும் பிரஷரையும் பார்த்து என்னைத் திட்டும் பொறுப்பை மல்லிகாவிடமிருந்து அவள் வாங்கிக்கொண்டாள். தொட்டி நிரம்பி வழிவதில்லை. அன்றைக்கு நான் மட்டும் ஒழுங்காக நடித்திருந்தால் எட்டரைக்கே படப்பிடிப்பு முடிந்திருக்கும்; பால் பொங்கி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, ரினி பஸ் ஏறிப் போயிருப்பாள். இதை நினைக்கும்போதெல்லாம், என்னைக் கடைசி வரைக்கும் நடிக்கவிடாமல் தடுத்த கடவுளுக்கு ஒரு கும்பிடு போடுகிறேன்.

போன தை மாதம் குமார் வேப்பம்பட்டில் சொந்தமாக வீடு கட்டிக் குடிபோனான். எல்லாம் தயார். அடுப்பு, புதுப் பாத்திரம், மஞ்சள் கொத்து. சுமதி தீப்பெட்டியைக் கையில் எடுத்தவள், அப்படியே நின்று, கூட்டத்துக்குள் தேடினாள்.

"ரினி எங்க? ரினியக் கூப்டுங்க. அவ கையால பத்த வைக்கட்டும். அவளுக்குத்தான் பால் பொங்கும்."

ரினி பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். நானும் ஆர்வமாக இரண்டடி எடுத்து வைத்தேன். குமார் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டி என்னை மறித்தான். முகத்தைப் பார்த்தான். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். ஒரு சிரிப்பு சிரித்தான்.

"ஐயோ, இப்பத்தாம்மா அட்வான்ஸ் வாங்கினோம்."

பால் பொங்கும் வரை என்னை உள்ளே விடவில்லை. ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். கிழக்குப் பக்கமாகத்தான் பொங்கியது.